இரண்டு வாண்டுகளோடு தரங்கம்பாடி: ஊருக்கு ஐந்து நட்சத்திரம், தங்கிய வீட்டுக்கு இரண்டு

ஏழு வயசில் ஒருத்தி, நாலு வயசில் ஒருத்தன். இந்த இரண்டு பேரையும் பின் சீட்டில் வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர் ஓட்டிப் போய், ஒரு பழைய ஊரைக் காட்டி, மறுநாள் ராத்திரிக்குள் வீடு திரும்ப முடியுமா என்று கேட்டால், முடியும். பிப்ரவரியில் ஒரு சனி ஞாயிறில் செய்து பார்த்துவிட்டோம். அதற்குத் தரங்கம்பாடி மாதிரி தோதான ஊர் வேறு இல்லை என்பது என் கட்சி. செஞ்சிக்குப் போனபோது ராஜகிரிப் படியில் கொஞ்ச தூரம் ஏறியதுமே பெரியவள் "இன்னும் எவ்வளவு" என்று உட்கார்ந்துவிட்டாள். தஞ்சாவூரில் பெரிய கோயில் முற்றத்துக் கல் சுட்டதில் அப்பா தோளில் ஏறிய சின்னவன் கார் வரும்வரை இறங்கவே இல்லை. இரண்டும் அருமையான ஊர்கள், பிள்ளைகளின் கால்தான் இன்னும் அந்த நீளத்துக்கு வளரவில்லை. தரங்கம்பாடி அவர்கள் காலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ஒரு வாசல், அதற்குள் ஒரு தெரு, தெரு முடிகிற இடத்தில் கோட்டை, கோட்டைக்குப் பின்னால் கடல். பார்க்க வந்தவர்களுக்கு ஊர் அவ்வளவுதான்.

காலை நாலரைக்குக் கிளம்பினோம். தூங்குகிற பிள்ளைகளை நைட் டிரஸ்ஸோடு அப்படியே தூக்கிக் காரில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம், குறைந்தது இரண்டு மணி நேரம் நிம்மதியாக ஓட்டலாம். மரக்காணம் வரும்போது சரியாக விடிந்தது. சாலை ஓரத்து உப்பளத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருந்ததைப் பார்த்துத்தான் சின்னவன் கண்ணைத் திறந்தான், திறந்ததும் "இவ்வளவு சர்க்கரையா?" என்றான். அக்காக்காரிக்கு அன்றைய முதல் வேலை கிடைத்துவிட்டது, உப்பு எப்படி வருகிறது என்று தனக்குத் தெரிந்ததும் தெரியாததுமாகச் சேர்த்து அவனுக்குப் பாடம் எடுத்தாள். காரை ஓரம்கட்டி அங்கேயே பல் தேய்த்து, பிளாஸ்கில் கொண்டுபோன பாலையும் குடித்து முடித்தாயிற்று. பெட்ரோல் விஷயம் ஒன்று சொல்கிறேன், தெரியாதவர்களுக்கு: சென்னையில் டாங்கை நிரப்பாதீர்கள், புதுச்சேரி எல்லைக்குள் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, அங்கே போய் நிரப்பிக்கொள்ளுங்கள். எல்லோரும் இதையே நினைப்பதால் சனிக்கிழமை காலையில் பங்க்கில் வரிசை நிற்கும், அதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

கடலூர் தாண்டியதும் சின்னவன் வாந்தி எடுத்தான். இதைப் பற்றி விவரம் வேண்டாம். இஞ்சி மரப்பாவும் இரண்டு பெரிய கவரும் ஒரு பழைய டவலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் இருந்து பிரயோஜனமில்லை.

காலைச் சாப்பாடு சிதம்பரத்தில். ஊருக்குள் நுழைந்தால் நேரம் போகுமே என்று இவர் இழுத்தார், நான் விடவில்லை, இட்லிக்குக் கொத்சு கிடைக்கிற ஊரில் பைபாஸில் நின்று பொங்கல் சாப்பிடுவதற்கு நான் ஏன் நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். கத்திரிக்காயை வேகவைத்து மசித்து, புளி விட்டு, மல்லியும் மிளகாயும் வறுத்துப் பொடித்துப் போட்டு, மேலே நல்லெண்ணெய் மிதக்க மிதக்க வருகிற அந்தக் கொத்சை மெட்ராஸில் எத்தனையோ இடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டேன், சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் நடுவில் ஏதோ ஒன்றைத் தருகிறார்கள். கோயிலைச் சுற்றியுள்ள வீதி ஒன்றில் சின்ன ஹோட்டல், நாலே மேஜை. பரிமாறிய பெரியவர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்குக் காரம் ஆகாதும்மா" என்று கேட்காமலேயே இரண்டு கிண்ணத்தில் சர்க்கரையும் நெய்யும் கொண்டுவந்து வைத்தார். நாலு பேருக்கும் சேர்த்து முந்நூறைத் தாண்டவில்லை. இந்தப் பயணத்திலேயே கேட்காமல் கிடைத்தது இது ஒன்றுதான்.

சீர்காழி தாண்டித் திருக்கடையூர் வரும். முகூர்த்த நாளாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் அரை மணி நேரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்துகொள்ள ஊர் ஊரிலிருந்து வேனிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். மாலையும் கழுத்துமாகத் தாத்தா பாட்டிகள் சாலையைக் கடப்பதைப் பார்த்துவிட்டு "இவ்வளவு வயசான பொண்ணு மாப்பிள்ளையா?" என்று பெரியவள் வாயைப் பிளந்தாள். மார்க்கண்டேயன் கதையைக் காருக்குள்ளேயே சொல்லி முடித்தேன், எமன் கயிறு வீசுகிற இடத்தை இரண்டு தடவை. இறங்கவில்லை. இறங்கியிருந்தால் அன்றைக்குக் கோட்டை இல்லை.

தரங்கம்பாடிக்குள் நுழைகிற இடத்திலேயே வளைவு வாசல் ஒன்று நிற்கிறது, வெள்ளையடித்து, நெற்றியில் 1792 என்று வருஷம் போட்டு. பெரியவளை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லி, இந்த வருஷத்திலிருந்து அதைக் கழி பார்க்கலாம் என்று ஒரு கணக்கும் போட்டேன். காரை உள்ளே ஓட்டிக்கொண்டு கோட்டை வரைக்கும் போகலாம்தான், போகாதீர்கள். வாசல் பக்கமே இறங்கி ராஜ வீதியில் நடங்கள். பெரியவர் நடையில் பத்து நிமிஷம், நாலு வயசு நடையில் இருபத்தைந்து. ஆட்டோ ஹாரன் இல்லை, வரிசையாக பலூன் கடை இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு ஆடுதான் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. வலதும் இடதுமாக இரண்டு சர்ச்சுகள் வரும், 1701ல் கட்டிய சீயோன் ஆலயமும் 1718ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும். இரண்டாவதைக் கட்டியவர் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, அடுத்த வருஷமே இறந்து அதற்குள்ளேயே அடக்கமானவர். அவரிடம் அப்புறம் வருகிறேன், அன்று சாயங்காலத்தைக் காப்பாற்றியவர் அவர்தான்.

இனி கோட்டை. டான்ஸ்போர்க் என்று பெயர், ஊரில் கேட்டால் டேனிஷ் கோட்டை. மலை ஏற வேண்டியதில்லை, மூச்சு வாங்க வேண்டியதில்லை, திடலைத் தாண்டினால் வாசல். டிக்கெட் செலவு பர்ஸுக்குத் தெரியாது. உள்ளே பெரிய முற்றம், சுற்றிலும் மதில், கடலைப் பார்த்து இரண்டடுக்குக் கட்டடம். கீழ்த்தளத்தில் கிடங்குகளும் வெடிமருந்து அறையும் சிறையும் இருந்தன, மேலே ஆளுநரும் பெரிய வியாபாரிகளும் பாதிரியாரும் இருந்தார்கள். சின்னவனுக்கு ஜெயில் என்ற வார்த்தை ஒன்றே போதுமானதாக இருந்தது, ஒவ்வொரு இருட்டறைக்குள்ளும் தலையை நீட்டி "உள்ள யாரு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தான்.

மேலே ஒரு கூடத்தில்தான் நாங்கள் அதிக நேரம் இருந்தோம். கூரையில் ஒட்டகத் திமில் மாதிரி நான்கு கும்மட்டங்கள், நான்கின் பாரமும் கூடத்தின் நடுவில் நிற்கிற ஒரே ஒரு தூணில் இறங்குகிறது. இவருக்கு இஞ்சினியர் புத்தி, கும்மட்டம் எப்படித் தன் எடையை வளைத்துக் கீழே அனுப்புகிறது என்று கையை வளைத்து வளைத்துக் காட்டினார். பெரியவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ இந்தத் தூண் இல்லன்னா?" என்றாள். "எல்லாம் கீழே வந்துடும்." உடனே ஓடிப் போய்த் தூணைக் கட்டிக்கொண்டாள், இரண்டு கையும் பாதிச் சுற்றுக்குக்கூட எட்டவில்லை. "நான் பிடிச்சுக்கிறேன், நீங்க போய்ப் பாருங்க." அக்கா செய்தால் தம்பியும் செய்ய வேண்டுமே, அவன் மறுபக்கம் கட்டிக்கொண்டான். அங்கே நின்றிருந்த காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் செல்ஃபியை நிறுத்திவிட்டு, "நாங்களும் பிடிக்கவா பாப்பா?" என்று கேட்டார்கள். சரி, அந்தக் கோட்டை 1620லிருந்து யார் பிடித்தும் நிற்கவில்லை, ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு கட்டடம் பிடித்துப்போக இவ்வளவு போதும்.

கோட்டைக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது சுலபம், மிளகில் ஆரம்பிக்கலாம். டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியனுக்கு மிளகு வேண்டும், தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் கடற்கரையில் இடம் இருக்கிறது. ஓவ் ஜெட்டி என்கிற 25 வயசுக்காரர் கப்பல்களோடு வந்து 1620ல் உடன்படிக்கை போட்டுக் கோட்டையை எழுப்பினார். நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றைக்கும் கோபன்ஹேகனில் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. "மிளகு நம்ம அண்ணாச்சி கடையிலயே இருக்கே, அதுக்கு எதுக்கு கப்பல்?" என்பது பெரியவளின் கேள்வி, பதில் சொல்ல மாலை வரை ஆயிற்று. 1845ல் வியாபாரம் படுத்துப்போய், தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போனார்கள். "கோட்டையை விக்க முடியுமா?" முடியும் கண்ணு. "அப்ப நாம வாங்கலாமா?" இதற்கு அப்பாவைக் கேட்கச் சொன்னேன்.

உள்ளே இருக்கிற மியூசியம் சின்னது. சீனத்துத் தேயிலை ஜாடிகள், பீங்கான், பழைய ஆவணங்கள், வாள், ஈட்டி. பெரியவர்களுக்கு நின்று பார்க்க முக்கால் மணி நேரத்துக்குச் சரக்கு இருக்கிறது, பிள்ளைகளோடு பதினைந்து நிமிஷம். என் பிள்ளைகளுக்கு அங்கே நின்றது இரண்டே பொருள்தான், பீரங்கிக் குண்டும் திமிங்கில எலும்பும். எலும்புக்கு முன்னால் சின்னவன் படுத்து அளவு பார்க்கப் போனான், தூக்கிவிட்டேன். மதில்மேல் கடலைப் பார்த்தபடி பீரங்கிகள் வரிசையாக இருக்கின்றன, மேலே போகும்போது பொடிசுகளின் கையை விடாதீர்கள், அந்தப் பக்கம் பள்ளம். வெயிலும் அங்கேதான் நேராக அடிக்கும். பதினொன்றேகாலுக்கு உள்ளே போய் ஒரு மணிக்கு வெளியே வந்தோம், தொப்பி எடுத்துப் போகாததற்காக மாமியாரிடம் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாடு பொறையார் போகிற வழியில் ஒரு மெஸ். மீன் சாப்பாடு, வஞ்சிரம் வறுவல் தனிக் காசு. குழம்பு நன்றாக இருந்தது, டெல்டாப் பக்கத்துக் குழம்புக்கே உரிய அந்தப் புளிப்பு. சோறு கொஞ்சம் குழைவு, பிள்ளைகளுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். ஊருக்குள் சாப்பாட்டுக் கடைகள் குறைவு, பசி வந்த பிறகு தேடாதீர்கள், பன்னிரண்டரைக்கே முடிவெடுத்துவிடுங்கள்.

இப்போது தங்கிய வீடு. பெயரைச் சொல்லவில்லை, எந்தத் தெரு என்பதும் வேண்டாம், கோட்டையிலிருந்து காரில் போகிற தூரத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டைத் திருத்தி ஆப்பில் வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு ராத்திரிக்கு 4,200. படத்தில் திண்ணை, முற்றம், ஊஞ்சல், தேக்குத் தூண். நேரில் பார்த்தால் திண்ணை, முற்றம், ஊஞ்சல், தேக்குத் தூண். பொய் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏசி வேலை செய்தது, படுக்கை விரிப்பு சுத்தம், கொசு வலை கேட்டதும் கிடைத்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு முற்றத்தில் விழுகிற வெளிச்சத்தில் பிள்ளைகள் ஊஞ்சலில் ஆட, நான் திண்ணையில் சாய்ந்து, ஆகா இதுதான் வாழ்க்கை என்று அக்காவுக்குப் போட்டோகூட அனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான் கொல்லைப்பக்கம் போனேன். கிணறு. கைப்பிடிச் சுவர் என் முட்டிக்குக் கொஞ்சம் மேலே, வலை கிடையாது, மூடி கிடையாது, கொல்லைக் கதவுக்குப் பூட்டும் கிடையாது. ஆப்பில் இந்த வீட்டுப் பக்கத்தில் 'குழந்தைகளுக்கு ஏற்றது' என்று பச்சை டிக் போட்டிருக்கிறார்கள். எந்தக் குழந்தைக்கு? வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன், அவர் பாவம், தலையைச் சொறிந்துகொண்டே ஒரு கயிறு எடுத்து வந்து கொல்லைக் கதவை நாதாங்கியோடு சேர்த்துக் கட்டிவிட்டார். முடிச்சு நன்றாகத்தான் போட்டார், மறுநாள் அவிழ்க்க அவருக்கே கத்தி தேவைப்பட்டது.

சரி, கிணறு முடிந்தது என்று உள்ளே வந்தால் நாலு மணிக்கு அடுத்தது. பாத்ரூம் கதவு, பழைய காலத்து ஒற்றைப் பலகைக் கதவு, உள்பக்கம் இரும்புக் கொண்டி. கதவை வேகமாகச் சாத்தினால் அந்தக் கொண்டி தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும், திறக்க வேண்டுமானால் மேலே தூக்க வேண்டும், அது இருக்கிற உயரத்துக்கு நாலு வயசுக் கை எட்டாது. சின்னவன் "நானே போறேன்" என்கிற வயசில் இருக்கிறான். போனான். சாத்தினான். டக் என்று ஒரு சத்தம், அதோடு சரி.

முதலில் அழுகை. நான் வெளியே நின்று "பயப்படாதே கண்ணா, அம்மா இங்கதான் இருக்கேன்" என்று சொல்லச் சொல்ல என் குரல்தான் நடுங்கியது. இவர் தோளை வைத்து ஒரு இடி இடித்தார், அந்தக் காலத்துத் தேக்கு, தோள்தான் வீங்கியது. பெரியவள் ஓடிப் போய் அந்த அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்குள் உள்ளே அழுகை நின்றுவிட்டது, அது அழுகையைவிட மோசம். அப்புறம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, கூடவே சிரிப்பு. ஹேண்ட் ஷவரைக் கண்டுபிடித்துவிட்டான்.

அண்ணன் கொஞ்சமும் பதறவில்லை. "ஒண்ணும் இல்லக்கா, மாசத்துக்கு ஒரு தடவை நடக்குறதுதான்" என்று சொல்லிக்கொண்டே கதவுக்குப் பக்கத்தில் சுவரில் கை வைத்தார். அங்கே ஒரு ஆணி. ஆணியில் ஒரு அடி நீள ஸ்டீல் ஸ்கேல் தொங்குகிறது. நான் அதை மத்தியானமே பார்த்தேன், ஏதோ தையல்காரர் விட்டுப் போனது என்று நினைத்தேன். கதவுச் சந்தில் ஸ்கேலை விட்டு மேல்நோக்கி ஒரு இழுப்பு, கொண்டி எழும்பியது, கதவு திறந்தது. மொத்தம் எட்டு நிமிஷம். உள்ளேயிருந்து தலை முதல் கால் வரை நனைந்து, கையில் ஷவரோடு, மகாராஜா மாதிரி வந்தான்.

எனக்குக் கோபம் அந்த ஸ்கேல்மேல்தான். மாசத்துக்கு ஒரு பிள்ளை மாட்டிக்கொள்கிறது என்று தெரிகிறது, அதற்கு ஸ்கேல் வாங்கி ஆணி அடித்து மாட்டுகிற அளவுக்கு யோசிக்கிறார்கள், கொண்டியைக் கழற்றிவிட்டு இருபது ரூபாய்க்கு ஒரு சாதாரணத் தாழ்ப்பாளை நாலு வயசுக்கு எட்டும் உயரத்தில் போட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ராத்திரி வீட்டுக்காரருக்கு ஆப்பில் செய்தி அனுப்பினேன். காலையில் பதில் வந்தது: பழமை மாறக்கூடாது என்பதற்காக மரச் சாமான், இரும்புச் சாமான் எதையும் மாற்றாமல் வைத்திருக்கிறோம், அடுத்த முறை வந்தால் பத்து சதவீதம் தள்ளுபடி. பழமை மாறாத வீட்டில் ஹேண்ட் ஷவர் எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன். பிள்ளைகள் இல்லாமல் போகிறவர்களுக்கு அந்த வீடு நாலு நட்சத்திரம், என்னிடம் இரண்டு. அந்த இரண்டும் அண்ணனுக்கு.

அழுது முடித்து, சிரித்து முடித்து ஐந்து மணிக்குக் கடற்கரைக்குப் போனோம். இங்கே ஒரு எச்சரிக்கை. தரங்கம்பாடிக் கடல் பார்க்கிற கடல், குளிக்கிற கடலாக நினைத்துப் போகாதீர்கள். கரையோரம் பாறாங்கற்களைக் கொட்டி அரண் போட்டிருக்கிறார்கள், கல் வழுக்கும், பிள்ளைகளுக்குக் கணுக்கால் நனைவதோடு சரி. அந்த அரணுக்குக் காரணம் மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்த்தால் புரியும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ல் கட்டிய கோயில், முன்பக்கம் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது, மிச்சத்தைத்தான் எடுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பெயருக்கு அலை பாடுகிற ஊர் என்று எல்லோரும் அர்த்தம் சொல்வார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கோயில் கல்வெட்டில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி. 2004 சுனாமியில் இந்தக் கரையில் போன உயிர்கள் பல. "இந்தக் கல்லெல்லாம் எதுக்கும்மா?" என்று பெரியவள் கேட்டபோது, கடல் உள்ளே வராமல் இருக்க என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார்.

இருட்டுவதற்கு இன்னும் அரை மணி இருந்தது, இரண்டும் போனைக் கேட்டு நச்சரிக்க ஆரம்பித்தன. அப்போதுதான் சீகன்பால்குவை இழுத்தேன். 1706ல் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கியபோது 24 வயசு, தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து, அவருடைய மாணவர்களையும் கூடவே வரச் சொல்லி, அந்தப் பொடியன்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார் என்பது இந்த ஊரில் சொல்கிற கதை. "அவ்வளவு பெரியவர் எல்.கே.ஜி.யா?" என்று சின்னவனுக்குத் தாங்க முடியாத சிரிப்பு. அவன் அப்போது எல்.கே.ஜி. அடுத்த அரை மணி நேரம் இரண்டு பேரும் ஈர மணலில் எழுதினார்கள். பெரியவள் சீகன்பால்குவுக்கு டீச்சர், தம்பிதான் சீகன்பால்கு, ஒவ்வொரு எழுத்தையும் வேண்டுமென்றே தப்பாகப் போட்டுக் குட்டு வாங்கினான். அலை வந்து அழித்தால் திரும்ப முதலிலிருந்து.

அவர் தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715ல் இங்கேயே அச்சானது. இதைத் தமிழின் முதல் அச்சுப் புத்தகம் என்று சிலர் அடித்துவிடுகிறார்கள், தப்பு, 1578லேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது. ஆனால் ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரியதாக இருந்ததால், சீஸ் டப்பாக்களோடு வந்த ஈயத்தை உருக்கி இங்கேயே சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். என் பிள்ளைகளுக்கு அந்த சீஸ் போதும், மீதி எதுவும் காதில் ஏறவில்லை. பொறையார் பக்கம் காகித ஆலை வைத்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர். சீகன்பால்கு இருந்த வீட்டில் அச்சுக்கலை பற்றிய காட்சியகம் இருக்கிறது, எட்டு வயசுக்கு மேலே உள்ள பிள்ளைகள் என்றால் அதைத் தவறவிடாதீர்கள். எங்களுக்கு அது அடுத்த தடவைக்கு.

ஞாயிற்றுக்கிழமைக்கு இவர் வெள்ளிக்கிழமையே ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தார். காலையில் பூம்புகார், வழியில் தில்லையாடி வள்ளியம்மை நினைவு மண்டபம், திரும்பும்போது சிதம்பரம் கோயில், நேரம் இருந்தால் பிச்சாவரம் படகு. கேட்கவே எனக்கு மூச்சு முட்டியது. காலை இட்லி முடிந்ததும் "இன்னைக்கு எங்க போகலாம்?" என்று பிள்ளைகளிடம் அவரே வாயைக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே குரலில், "தூணு." பட்டியல் அவர் போனிலேயே இருக்கிறது, யாருக்காவது வேண்டுமானால் அனுப்புகிறோம்.

இரண்டாவது தடவை போகும்போதுதான் கோட்டை அவர்களுடையதாகிவிட்டது. வாசலிலிருந்து நேராகக் கூடத்துக்கு ஓடினார்கள், தூண் நிற்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்கள், அப்புறம் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துக்குப் பெரியவள் கைடு வேலை பார்த்தாள். "இது விழுந்தா எல்லாமே விழுந்துடும் ஆன்ட்டி, ஆனா விழாது, நாங்க நேத்தே செக் பண்ணிட்டோம்." முற்றத்தில் ஓட்டப் பந்தயம், மதில்மேல் கப்பல் பார்க்கிற விளையாட்டு. நிஜத்தில் வந்தது நாலு ஃபைபர் படகு, ஒவ்வொன்றும் டென்மார்க்கிலிருந்து. நாங்கள் இரண்டு பேரும் நிழலில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் பிறந்த பிறகு போன ஊர்களில் இப்படிச் சும்மா உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

பதினொன்றரைக்குக் கிளம்பி, சிதம்பரத்தில் அதே நாலு மேஜை ஹோட்டலில் மத்தியானச் சாப்பாடு, புதுச்சேரியில் திரும்பப் பெட்ரோல், ஞாயிறு சாயங்கால நெரிசலில் கோவளத்துக்கு மேலே ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேரும்போது ஏழு. மூன்று மணிக்குள் மரக்காணத்தைத் தாண்டிவிட்டால் அந்த ஊர்தலில் பாதி மிச்சமாகும், நாங்கள் தாண்டவில்லை. அறை, பெட்ரோல், டோல், சாப்பாடு, பெரியவள் அடம்பிடித்து வாங்கிய சங்கு எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது. நவம்பர், டிசம்பர் அந்தப் பக்கம் மழையும் புயலுமாக இருக்கும், மே மாதம் கல் சுடும், ஜனவரி, பிப்ரவரிதான் பிள்ளைகளுக்குச் சரி. கார் வேண்டாம் என்றால் மயிலாடுதுறை வரைக்கும் ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம், ஒரு காலத்தில் தரங்கம்பாடிக்கே ரயில் ஓடியது, 1986ல் நிறுத்திவிட்டார்கள். வீடு எடுப்பதாக இருந்தால் முதலில் கிணறு இருக்கிறதா என்று கேளுங்கள், அப்புறம் பாத்ரூம் கதவை உள்பக்கம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போய் நின்றுவிடாதீர்கள், கோட்டை மியூசியத்துக்கு அன்றைக்கு லீவு.